கல்லூரி வாசலிலிருந்து ஆலை வாசலுக்கு

இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது, பல இல்லங்களின் குடும்ப ஜெபத்தில் தவறாமல் இடம்பெறும் ஒரு காரியம். ஆனால் அதே இல்லங்களின் கூடத்தில் அது வெளிப்படையாகப் பேசப்படுவது அரிது. வீட்டில் எல்லாரிலும் அதிகம் படித்தவருக்கு ஏன் இன்னும் நிலையான வேலை அமையவில்லை என்பதே அது.

கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் குடியேறியிருக்கும் நம் வாசகர்களில் அநேகருக்குச் சொந்த ஊர் மலையாள தேசத்து எல்லையில் இருக்கிறது. வாளையாரைத் தாண்டினால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் எனத் தமிழ் பேசும் ஊர்கள். அங்கிருந்து தெற்கே ஆனைமலையை ஏறி இறங்கினால் மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, உடும்பன்சோலை, வண்டிப்பெரியாறு என இடுக்கி மாவட்டத்தின் தேயிலை, ஏலத் தோட்டங்கள். கொழுந்து பறித்த கைகளும் ஏலக்காய் எடுத்த கைகளும் சேர்த்துவைத்த காசில் பிள்ளைகள் சித்தூர் அரசுக் கல்லூரிக்கும், மூணாறுக்கும், மலை இறங்கிப் போடிக்கும் உத்தமபாளையத்துக்கும் சென்று படித்தார்கள். சிலர் முதுகலையோடு நிற்காமல் மதுரையிலோ கோவையிலோ முனைவர் பட்டமும் பெற்றார்கள். பெற்றவர்களின் நெஞ்சு நிறைந்தது. சபையில் சாட்சியும் சொல்லப்பட்டது.

அதன் பிறகு என்ன? ஜூன் மாதத்தில் கௌரவ விரிவுரையாளர் நேர்காணல். கிடைத்தால் மார்ச் வரை வகுப்பு. ஏப்ரல், மே மாதங்களில் வருமானம் இல்லை. மறுபடியும் ஜூனில் அதே கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதே கல்லூரிகளின் வாசல். இப்படியே ஆறு, ஏழு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இதற்கிடையில் விதிகளும் மாறின. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராவதற்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி செய்தது. அது 2021இல் நடைமுறைக்கு வர வேண்டியிருந்து, தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் 2023 ஜூலை முதல் கைவிடப்பட்டது. நெட், செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி என்று அப்போது அறிவித்தார்கள். அந்த விதியை நம்பி அவசர அவசரமாக ஆய்வேட்டை முடித்தவர்களின் மனநிலையை அந்த வீட்டார் மட்டுமே அறிவார்கள்.

ஆகவே சிலர் தொழில் நிறுவனங்களை நோக்கித் திரும்புகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களுக்குப் பதில் வருவதில்லை. நாற்பது இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை என்றால், குறை பெரும்பாலும் படிப்பில் இருக்காது, விண்ணப்பத்தில் இருக்கும். கல்லூரிக்கு எழுதிய அதே பயோடேட்டாவைத் தேதியை மட்டும் மாற்றி ஆலைக்கும் அனுப்புகிறோம். கல்லூரி, "இவர் என்ன கற்றிருக்கிறார்?" என்று பார்க்கிறது. ஆலையோ, "இவர் வந்தால் எங்கள் தலையிலிருந்து எந்தப் பாரம் இறங்கும்?" என்று பார்க்கிறது. இரண்டும் வேறு கேள்விகள். முதல் கேள்விக்குரிய பதிலை எவ்வளவு அழகாக எழுதினாலும் இரண்டாவது கேள்விக்கு அது பதிலாகாது.

கஞ்சிக்கோட்டை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் பேருந்தில் வரும்போதெல்லாம் சன்னல் வழியே நாம் பார்த்துக் கடந்துபோகும் ஊர் அது. 1976இல் வந்த ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை, 2010இல் வந்த பி.இ.எம்.எல்., இவற்றோடு எத்தனையோ இரும்பு உருக்காலைகளும் சிறு நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன. 2015இல் கோழிப்பாறையில் தற்காலிக வளாகத்தில் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யின் நிலையான வளாகமும் இப்போது கஞ்சிக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. அதே கஞ்சிக்கோட்டில் 1987இல் ஏற்படுத்தப்பட்ட புளூயிட் கண்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் என்ற நிலையமும் உண்டு. குழாயில் ஓடும் தண்ணீரையும் எண்ணெயையும் காற்றையும் அளக்கும் மீட்டர்கள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. இவ்வேலைக்குக் கேலிபரேஷன் என்று பெயர். கோவையின் பம்பு, மோட்டார்த் தொழிலைச் சுற்றியும் இத்தகைய சோதனைக்கூடங்கள் உண்டு.

பத்தாண்டுகளாகப் பி.எஸ்ஸி. மாணவருக்கு இயற்பியல் செய்முறை வகுப்பு எடுத்த ஒரு விரிவுரையாளர் இந்தச் சோதனைக்கூடத்துக்கு எப்படி விண்ணப்பிக்கிறார்? "மெல்லிய படலங்களின் ஒளியியல் பண்புகள்" என்ற ஆய்வுத் தலைப்பைத் தடித்த எழுத்தில் முதல் வரியில் போடுகிறார். அதைப் படிக்கும் மேலாளருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அதே விரிவுரையாளர், வெர்னியரிலும் திருகு அளவியிலும் பிழை எவ்வளவு வரும், ஐந்து முறை அளந்தால் அதன் சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஆண்டுதோறும் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொடுத்தவர். சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தர விதி கேட்பதும் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்த கணக்கைத்தான். அங்கே அதற்கு அளவீட்டு நிச்சயமின்மை என்று பெயர். ஒவ்வொரு சான்றிதழிலும் அந்த எண் இடம்பெற வேண்டும். அதைப் புரிந்து போடக்கூடியவர் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. இவரோ அதைத் தன் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது "வெறும் செய்முறை வகுப்பு" என்று அவருடைய எண்ணம்!

இடுக்கிப் பக்கத்தில் இதே கதை வேதியியலில் நடக்கிறது. இந்தியாவின் ஏலக்காயில் பெரும்பகுதி இடுக்கியில்தான் விளைகிறது. புற்றடியில் ஸ்பைசஸ் போர்டின் பூங்காவும் மின்னணு ஏலமும் நடக்கின்றன. மலைக்கு இந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் ஏலம் உண்டு. மயிலாடும்பாறையில் 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும் இருக்கின்றன. (இத்தனை நிலையங்கள் இருந்தும், இன்று மலையெங்கும் பரவியிருக்கும் ஞள்ளானி என்ற ரகத்தைக் கண்டெடுத்தவர் கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி. பட்டம் பெற்றவர்கள் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.) ஏலக்காய் வெளிநாடு போக வேண்டுமானால் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மிஞ்சி இருக்கக் கூடாது, செயற்கைப் பச்சை நிறம் ஏற்றியிருக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக நடவடிக்கை எடுத்த பிறகு, அவ்விரு இடங்களுக்கும் அனுப்பும் சரக்கை முன்னதாகவே சோதிப்பது கட்டாயமாக்கப்பட்டது. கொச்சியிலும் தூத்துக்குடியிலும் ஸ்பைசஸ் போர்டுக்குச் சோதனைக்கூடங்கள் உள்ளன. தனியார் கூடங்களும் ஏற்றுமதி நிறுவனங்களின் சொந்தக் கூடங்களும் வேறு. இவை அனைத்துக்கும் குரோமட்டோகிராபி கருவியின் முன் பொறுமையாக உட்காரத் தெரிந்தவர்கள் வேண்டும்.

உங்கள் தங்கையை எண்ணிக்கொள்ளுங்கள். வேதியியலில் முனைவர். வயது முப்பத்தைந்து. சாய நீக்கத்தைப் பற்றிய ஆய்வேடு, எட்டுக் கட்டுரைகள், பதினொரு கருத்தரங்குகள், ஆறு பக்கப் பயோடேட்டா. அந்த ஆறு பக்கங்களில் ஐந்தைக் கழித்துவிடச் சொல்லுங்கள். வருத்தப்படுவார், தெரியும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மழைக்காலமும் ஒரு கடனும் இருக்கிறது. ஆயினும் ஆலையில் விண்ணப்பத்தைப் பிரிப்பவர் முதல் பக்கத்தின் மேற்பாதியைத்தான் படிக்கிறார். அந்த மேற்பாதியில் நிற்க வேண்டியவை இப்படி இருக்கலாம்: "எச்.பி.எல்.சி. கருவியை நான்கு ஆண்டுகள் தனியாக இயக்கியிருக்கிறேன். மாதம் ஏறத்தாழ அறுபது மாதிரிகள். மாதிரி தயாரித்தல், அளவுகோல் வரைதல், முடிவு எழுதுதல் மூன்றையும் நானே செய்தேன். கருவி நின்றபோது நிறுவனப் பொறியாளர் வரும்வரை காத்திராமல் பம்பின் சீலை மாற்றியிருக்கிறேன். இருபது மாணவர்களுக்கு ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்." எண்கள் அவரவருடைய உண்மையான எண்களாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஒரு சொல்கூட மிகைப்படுத்தாமலே இது வலிமையான விண்ணப்பம். ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஒரே ஒரு வரி போதும். "கட்டுரைகள் எட்டு, பட்டியல் கேட்டால் தருகிறேன்" என்பது போதுமானது.

இதை எழுதும்போது நிறுவனத்தின் அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் "தரக்கட்டுப்பாடு" என்றால் நீங்களும் அந்தச் சொல்லையே எழுதுங்கள், "பகுப்பாய்வு" என்று எழுதாதீர்கள். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் கணினி பிரிப்பதும் உண்டு, அதற்கு ஒரே பொருள் தரும் வேறு சொல் புரியாமல் போகலாம். இதனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விண்ணப்பத்தைத் தனித்தனியாகத் திருத்த வேண்டிவரும். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் முடியாது. நாற்பது பேருக்கு ஒரே நகலை அனுப்புவதைக் காட்டிலும் அந்த இரண்டு மேலானவை.

எல்லையில் வளர்ந்தவர்கள் எழுத மறந்துபோகும் இன்னொன்று மொழி. தோட்டத்தில் வேலை செய்பவர் தமிழர், முதலாளி மலையாளி, சரக்கை வாங்குபவரோடு கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில். மூன்றிலும் பேசிச் சமாளிக்கக்கூடிய ஒருவர் ஏற்றுமதிக் கிடங்குக்கும், கஞ்சிக்கோட்டு ஆலைக்கும், மூணாற்றின் தேயிலைத் தொழிற்சாலைக்கும் விலையுயர்ந்தவர். தமிழ் வழியில் படித்து மலையாளம் பேசத் தெரிந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அப்படியே எழுதட்டும். எழுத்தைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் போதும்.

இனி, நாம் சற்றுத் தயங்கி எழுதும் பகுதி. சிறு, நடுத்தர நிறுவனங்களில் வேலை பெரும்பாலும் அறிவிப்பாக வெளிவருவதில்லை. உள்ளே இருப்பவர் மூலம்தான் தெரியவருகிறது. "எங்களுக்கு யாரைத் தெரியும்? அப்பா தோட்டத் தொழிலாளி" என்று சொல்லும் விரிவுரையாளரே, ஆண்டுக்கு ஐம்பது பேர் வீதம் ஏழு ஆண்டுகள் கற்பித்திருந்தால் உங்களுக்கு முந்நூற்றைம்பது பேரைத் தெரியும். அவர்களில் பி.எஸ்ஸி.யோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனவன் இன்று எங்கோ ஒரு வார்ப்படச் சாலையில் ஸ்பெக்ட்ரோமீட்டரின் முன் நிற்கிறான். இன்னொருத்தி மருந்து நிறுவனத்தில் தரப்பிரிவின் மேற்பார்வையாளர். கல்லூரியில் இருப்பவருக்கு இருக்கும் மிகப் பெரிய தொடர்பு வட்டம் அவருடைய பழைய மாணவர்களே.

ஆனால் அவர்களிடம் கேட்பதில்லை. "சார்" என்றும் "மிஸ்" என்றும் எழுந்து நின்றவர்களிடம் போய், உங்கள் நிறுவனத்தில் இடம் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? இந்தக் கூச்சத்தில் எத்தனையோ பேர் ஆண்டுகளை இழக்கிறார்கள். வேலையைக் கேட்க வேண்டாம், தகவலைக் கேளுங்கள். "தம்பி, உங்கள் கூடத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது? எந்தக் கருவி வைத்திருக்கிறீர்கள்? புதிதாக வருபவரிடம் முதல் மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள்?" இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்துகொண்டு எழுதப்படும் விண்ணப்பம் தெரியாமல் எழுதப்படுவதிலிருந்து வெகுதூரம் வேறுபட்டிருக்கும். பெரும்பாலான மாணவர்கள், கேட்காமலே, "மிஸ், நீங்கள் வருவதானால் நான் எங்கள் மேலாளரிடம் சொல்கிறேன்" என்பார்கள். சேர்ந்த பிறகு அந்த மாணவரே உங்களுக்கு மேலே இருக்கக்கூடும். கையொப்பத்துக்கு அவரிடம் தாளை நீட்ட வேண்டியிருக்கும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசி மனதை ஆயத்தப்படுத்திக்கொள்வது அவசியம். நேர்காணலில் தேர்ச்சி பெற்றும் இந்த ஒரு காரணத்தால் ஆறு மாதத்தில் திரும்பிவிடுபவர்கள் உண்டு.

நேர்காணலில் இரண்டு கேள்விகள் நிச்சயம் வரும். "ஏன் கல்லூரியை விடுகிறீர்கள்?" என்பது முதலாவது. அரசாங்கத்தையும் நிர்வாகத்தையும் குறை சொல்லத் தொடங்கினால் கேட்பவரின் முகம் மூடிக்கொள்ளும். கருவியோடும் மாதிரியோடும் முழுநேரமும் இருக்க விரும்புகிறேன், அதற்கு இங்கே இடமிருக்கிறது என்று சொன்னால் போதும். நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்பதைச் சொல்லவும் வெட்கம் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி கடினமானது: "நாளைக்கு பி.எஸ்.சி.யிலிருந்து ஆணை வந்தால் போய்விடுவீர்களா?" முனைவர் பட்டத்தைப் பார்த்து நிறுவனங்கள் அஞ்சுவது இதற்காகத்தான். படிப்பு அதிகம் என்பதற்காக எவரும் அஞ்சுவதில்லை. ஆறு மாதம் கற்றுக்கொடுத்துப் பழக்கியவர் எழுந்து போய்விடுவார் என்றே அஞ்சுகிறார்கள். இதனால் சிலர் முனைவர் பட்டத்தையே மறைத்து, முதுகலை என்று மட்டும் எழுதுகிறார்கள். இதில் நமக்கு உடன்பாடில்லை. நான்கைந்து ஆண்டுகள் விண்ணப்பத்தில் ஓட்டையாக நிற்கும், அதை மூட ஒரு பொய் வேண்டியிருக்கும், சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது அது வெளிவரும். தரவரிசைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்குமானால் கேட்கும்போது இருக்கிறது என்று சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளாவது இருப்பேன் என்று மனதார முடிவு செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். முடிவு செய்யாவிட்டால் சொல்லாதீர்கள். பெயர் பட்டியலிலேயே இல்லை என்றால், அந்த நம்பிக்கையை எப்போது இறக்கிவைப்பது என்று குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டிய காலம் இது.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். முதல் ஆண்டு சம்பளம் ஏமாற்றமாக இருக்கலாம். கல்லூரி அனுபவத்தைச் சில நிறுவனங்கள் பாதியாகக் கணக்கிடும், சில கணக்கிடவே மாட்டா. பேசிப் பார்க்க வேண்டியது சம்பளத்தை மட்டும் அல்ல, பதவியின் பெயரையும்தான். "டிரெய்னி" என்ற பெயரில் எத்தனை மாதம், அதன்பின் என்ன பெயர் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தமிழும் வரலாறும் படித்தவர்கள், "இவையெல்லாம் அறிவியலாருக்கு" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அவர்களுடைய பாதை குறுகலானது, ஆனால் உண்டு. 2022இல் மத்திய அரசு பாஷினி என்ற மொழித் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்களும் இந்திய மொழிகளில் இறங்கியிருப்பதால், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும், பேச்சை எழுத்தாக்கவும், பாடங்களைத் தொகுக்கவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். தமிழும் மலையாளமும் இரண்டும் கைவந்தவர் இந்த வேலையில் முன் நிற்கலாம். இதில் பெரும்பகுதி ஒப்பந்த வேலை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவர்கள் விண்ணப்பத்தில் ஆய்வேட்டின் தலைப்பை எழுதுவதைவிட, மொழிபெயர்த்த இரண்டு பக்கத்தை மூலத்தோடு இணைத்து அனுப்புவது பயன்தரும்.

காகிதங்களைப் பற்றிச் சில. கௌரவ விரிவுரையாளராக இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அனுபவச் சான்றிதழை அந்த ஆண்டே வாங்கி வையுங்கள், முதல்வர் மாறினால் அலைய வேண்டியிருக்கும். கையில் சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வங்கிக் கணக்கின் பதிவை எடுத்து வைக்கட்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் உள்ளவர்களுக்குக் கேரள அரசு வேலைக்கென்றால் சமநிலைச் சான்று கேட்பார்கள், தனியார் ஆலைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. போதகரிடம் வாங்கிய நற்சான்றை விண்ணப்பத்தோடு இணைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கேட்காத இடத்தில் அது வேண்டாம். அதற்குப் பதிலாக, உங்கள் ஆய்வகத்தில் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த இருவரின் பெயரை, அவர்களிடம் அனுமதி பெற்றபின் கொடுங்கள். வேலைக்காக முன்பணம், பயிற்சிக் கட்டணம், பதிவுத் தொகை என்று எவர் கேட்டாலும், அவர் எந்த ஐக்கியத்தைச் சேர்ந்தவராயினும், கொடுக்க வேண்டாம்.

ஷிப்டு காரியம் நம் குடும்பங்களில் பிறகு தகராறாக வருவதால், அதை இங்கேயே பேசிவிடுவோம். சோதனைக்கூடமும் உருக்காலையும் ஞாயிறு அன்றும் ஓடும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டு, அது ஞாயிறாகவே அமையும் என்பதற்கு உறுதி இல்லை. பணிநியமன ஆணையில் கையொப்பம் இடுவதற்கு முன்பாகவே இதைக் கேளுங்கள். காலை ஷிப்டா மாலை ஷிப்டா, மாற்றிக்கொள்ள இடமுண்டா, வேறொருவரின் பண்டிகை நாளில் நீங்கள் வந்து அவர் உங்கள் ஞாயிறை எடுத்துக்கொள்ளலாமா? மரியாதையாகக் கேட்டால் பல இடங்களில் வழி செய்துகொடுக்கிறார்கள். சேர்ந்த பிறகு மூன்றாவது வாரத்தில் திடீரென்று சொன்னால் அது வேறு விதமாக எடுத்துக்கொள்ளப்படும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். கல்லூரி முடியும் மார்ச்சில் தொடங்கினால் பிந்திவிடும். டிசம்பர் விடுமுறையில் விண்ணப்பத்தைத் திருத்தி, ஜனவரியில் பழைய மாணவர்களை அழைத்துப் பேசி, பிப்ரவரியில் அனுப்பத் தொடங்கினால் ஏப்ரலுக்குள் நேர்காணல்கள் வரும். இடையிலேயே ஆணை வந்து, வகுப்பும் முடியாமல் இருந்தால், நிறுவனத்திடம் தேர்வு முடியும் தேதியைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். மாணவரைப் பாடத்தின் நடுவே விட்டுவிட்டு வராதவர், நாளைக்கு எங்களையும் நடுவே விட்டுப் போகமாட்டார் என்று மேலாளர் எண்ணக்கூடும். நான்கு வாரம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். எட்டு வாரம் என்றால் தயங்குவார்கள். தேதியை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெற்றபின், கல்லூரி முதல்வரிடம் விடுவிப்புக் கடிதத்துக்கு எழுதிக் கொடுங்கள்.